பச்சை விளக்கும் என் நாத்தனாரும்

என் நாத்தனாருக்கு ஆபீஸில் ரப்பர் என்று பெயர். ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வளைவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. காலையிலிருந்து மாலைவரை கம்ப்யூட்டரில் எதையாவது அழித்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர் அது. முதலாளியிலிருந்து காவலாளிவரை எல்லோருக்கும் அவர் ரப்பர் மேடம்தான். அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. பென்சிலாக இருந்தவர்கள் எல்லாம் என்ன சாதித்துவிட்டார்கள் என்று கேட்பார்.

நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், ஒரு மனுஷனோடு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து பேச முடியவில்லை, இதில் காலம் முழுக்க எங்கே உட்காருவது என்பார். விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கூட இருந்து பார்த்த பிறகு, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

அண்ணிக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடுவது நின்றுகொண்டு. பேப்பர் படிப்பது நடந்துகொண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பஸ் ஏறிய பிறகு, கேஸை மூடினோமா என்று எனக்குப் போன் வரும். மூடியாச்சு அண்ணி என்று சொன்னால் போதாது, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன் என்று சொன்னால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். லாரி ஓட்டுகிறார். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது மாதிரி எதற்கும் அசையமாட்டார். எப்படி ஒரே வயிற்றில் பிறந்தீர்கள் என்று கேட்டால், வயிறு ஒன்றுதான், குடியிருந்தவர்கள் வேறு என்பார். அப்பாவின் படபடப்பு மொத்தமும் அக்காவுக்குப் போய்விட்டதாம், தன் பங்குக்கு மிச்சம் எதுவும் இல்லையாம்.

அண்ணியின் கம்பெனி ஒரு பொத்தானை வைத்துப் பிழைக்கிறது. தனியாக இருக்கிற வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற பொத்தான். சுவரில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. விழுந்துவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ பொத்தானை அமுக்க வேண்டியதுதான். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் என்ன ஏது என்று விசாரிக்கும், பதில் இல்லாவிட்டால் ஆள் அனுப்பும். இதற்கு வருடச் சந்தா. சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, பில் போடுகிற சாப்ட்வேர் அடுத்த வருடத்துக்கான புதுப்பிப்பு ஆர்டரைத் தானாகப் போட்டுவிடும். ஆள் இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, மகன் வீட்டோடு போய்விட்டாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தேதி வந்தால் ஆர்டர். அதில் வேண்டாததைத் தேடிப் பிடித்து அழிப்பது அண்ணியின் வேலை. அழிக்காமல் விட்டால் பில் போய்விடும். அழித்துவிட்டால் சந்தா முடிகிற நாளில் பெட்டி செத்துவிடும்.

அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆர்டரை அழிக்காமல் விட்டுவிட்டார். இறந்துபோனவர் பெயருக்கே பில் போனது. பில்லின் அடியில் 'உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி' என்று அச்சடித்திருந்தது. அந்த வீட்டு மகன் ஆபீஸுக்கே வந்து பில்லை மேசைமேல் வைத்து, "உங்க மகிழ்ச்சிய நேத்துதான் புதைச்சுட்டு வர்றேன்" என்றாராம். சத்தம்கூடப் போடவில்லையாம். அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போட்டு மறுபடியும் கழுவினார்.

அதிலிருந்து அழிப்பதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார். குப்பைக்கூடைப் படத்தை அமுக்கினால் சாப்ட்வேர் 'உறுதியா?' என்று கேட்கும். அமுக்கினால், 'திரும்பப் பெற முடியாது, உறுதியா?' என்று இன்னொரு தடவை கேட்கும். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் திரையில் இருக்கிற பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் அது பழகிவிட்டது.

பூஜ்யங்களுக்கு மட்டும் இந்த மரியாதை இல்லை. ஒரு மாதம் சும்மா வைத்துப் பாருங்கள் என்று கம்பெனி சில வீடுகளுக்குப் பெட்டியை இலவசமாகக் கொடுக்கும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சாப்ட்வேர் அதற்கும் விடாமல் ஆர்டர் போட்டுவைக்கும், தொகை என்ற இடத்தில் பூஜ்யத்தோடு. எல்லாம் குப்பை. மாதக் கடைசியில் அண்ணி தொகை பூஜ்யமாக உள்ளவற்றை ஒன்றாகத் திரட்டி, பெயர் பார்க்காமல், மொத்தமாக அழித்துவிடுவார். மாதத்திலேயே அந்த ஒரு வேலைதான் தலைவலி இல்லாத வேலை என்று சொல்வார்.

இனி என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி லிஃப்டுகளுக்குள் அவர் தலையை விட்டிருக்கிறார். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. கேட்டால், இப்போது லிஃப்ட் பார்க்கிறவர்களின் லட்சணம் தனக்குத் தெரியும், தெரிந்தே போய் ஏற முடியாது என்பார். அவர் வேலை பார்த்த காலத்தில் மெக்கானிக் அறையில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு விளக்கு உண்டாம். விளக்கு அணைந்தால் போனில் விசாரித்துக்கொண்டு உட்காரக் கூடாது. பையை எடுத்துக்கொண்டு ஆள் நேரில் போக வேண்டும். அதுதான் அவர்கள் தொழிலின் முதல் பாடம். பாதிச் சாப்பாட்டில் தட்டை விட்டுவிட்டுக் கிளம்பிய கதைகளை அவர் சொல்லச் சொல்ல, அண்ணிக்கு அந்த ஓயாத கால் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துபோகும்.

போன வருடம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டார். காலையில் விழுந்தவரை மாலையில்தான் கீழ்வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். எங்களோடு வந்துவிடச் சொன்னோம். வரமாட்டேன் என்றார். அண்ணி மறுவாரமே பெட்டியைக் கொண்டுபோய் அவர் வீட்டுச் சுவரில் பொருத்தி, பொத்தானை அவர் கழுத்தில் மாட்டினார். "பூனைக்கு மணி கட்டியாச்சு, எலிங்களுக்கு இப்ப நிம்மதியா?" என்று கேட்டாரே தவிர, கழற்றவில்லை.

விவகாரம் அந்தப் பெட்டியாலேயே வந்தது. வீட்டுக்குள் ஆள் நடமாடுகிறாரா என்பதையும் அது கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அண்ணிக்கு இது போதாதா? ஒரு நாளைக்குப் பத்து தடவை கம்ப்யூட்டரில் அப்பாவின் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். உடனே அவருக்குப் போன் போடுவார். ஏன் அத்தனை சீக்கிரம் எழுந்தீர்கள், ஏன் ரொம்ப நேரமாக அசைவே இல்லை, சமையலறைக்கு ஏன் இத்தனை நடை. குரங்குக்குக் கள்ளும் ஊற்றித் தேளும் கொட்டினால் எப்படியோ அப்படி ஆகிவிட்டது எங்கள் வீடு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே போயிருந்தபோது மாமனார் வெடித்துவிட்டார்.

"நான் என்ன லிஃப்டா, எந்த மாடியில நிக்கறேன்னு பாத்துக்கிட்டே இருக்க? இனிமே நான் உனக்குப் போன் பண்ண மாட்டேன். நீயும் பண்ணாத. பண்ணினா எடுக்க மாட்டேன்."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "பண்ணல. உங்க பக்கத்தக்கூடத் தெறக்க மாட்டேன், போதுமா? ஆனா அந்தப் பெட்டி மேல கைய வைக்காதீங்க. நான் அந்த ஆபீஸ்ல இருக்கறவரைக்கும் அந்தப் பச்ச லைட் அணையாது."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். போகும்போது தன்னிடம் இருந்த வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். மாமனார் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ வைம்மா, உனக்குத்தான் பதட்டம் கிடையாது" என்றார். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு நான் மட்டும் மளிகை வாங்கிக்கொண்டு போய் வருவேன். அங்கே இவரைப் பற்றி அவர் கேட்கமாட்டார். இங்கே அவரைப் பற்றி இவர் கேட்கமாட்டார். ஆனால் நான் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் வேறு வேலை பார்ப்பதுபோல் பக்கத்திலேயே நிற்பார்கள். அண்ணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அப்பாவின் பக்கத்தைத் திறக்கவே இல்லை. சந்தா முடிகிற மாதம் வந்தபோதும் திறக்கவில்லை. போன தடவை மாதிரியே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அதைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். எல்லாப் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவர், வாழ்க்கையில் ஒரே ஒரு பூட்டை இழுத்துப் பார்க்காமல் விட்டார்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். போன் அடித்தது. அண்ணிதான். உன் கையில் அப்பா வீட்டுச் சாவி இருக்கிறதா என்று கேட்டார். பையிலேயே இருக்கிறது என்றேன். உடனே பஸ் நிறுத்தத்துக்கு வா என்று வைத்துவிட்டார். கேஸை மூடினோமா என்று கேட்கும் குரல் எனக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொன்னார். அன்றைக்கு அவர்கள் ஆபீஸில் அரைநாள். எல்லோரும் கிளம்பும்போது முதலாளி அவரைக் கூப்பிட்டு, ஒரு நல்ல செய்தி என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்திருக்கிறார். இத்தனை வருடம் உழைத்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாராம். உங்கள் அப்பாவுக்கு இனிமேல் சந்தாவே கிடையாது, நீங்களாகவே பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன், பார்க்கவே இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

"எப்படிப் போட்டீங்க சார்?" என்று அண்ணி கேட்டாராம்.

"தொகையில பூஜ்யம்னு போட்டேன். வேற எப்படிப் போடறது?"

வியாழக்கிழமைதான் அண்ணி பூஜ்யங்களை அழித்திருந்தார். பெயர் பார்க்காமல், மொத்தமாக. அப்பாவின் சந்தா வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

வந்ததே கோபம் எனக்கு அந்த முதலாளிமேல். நல்லது செய்கிறவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்ன? அண்ணி அவரைத் திட்டவில்லை. அழைப்புகளை எடுக்கிற மையத்துக்குப் போன் செய்து அப்பாவின் பெயரைச் சொன்னாராம். அங்கிருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒருத்தர் எங்க லிஸ்ட்லயே இல்லையே மேடம்" என்றாளாம். புது ஆர்டர் போடலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், அது பெட்டியின் அடியில் இருக்கிற எண்ணைக் கேட்டது. பழைய ஆர்டரோடு அந்த எண்ணும் போய்விட்டது. நேரில் போனால்தான் ஆகும்.

அப்பாவுக்குப் போன் செய்தாரா என்று கேட்டேன். எடுக்கவில்லை, தான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாரே என்றார். நான் செய்தேன். என் போனை எடுத்துவிடுவார், அதுவரை எடுக்காமல் இருந்ததே இல்லை. அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதட்டம் இல்லாதவள் என்று பெயர் வாங்கிவிட்டேனே. தூங்குவார் அண்ணி என்றேன்.

பஸ் ஏறினோம். உட்கார இடம் இருந்தும் அண்ணி உட்காரவில்லை. வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். விழுந்து கிடந்தால் பொத்தானை அமுக்குவார். அமுக்கினால் யாரும் பேசமாட்டார்கள். திரும்பத் திரும்ப அமுக்குவார். அந்தப் பெட்டி அண்ணி கொடுத்தது, அண்ணியே அழித்தது. செத்தவர்களுக்குக்கூடப் பெயர் சொல்லி அழித்தேனே, எங்கப்பா பெயரைப் பார்க்காமல் அழித்துவிட்டேனே என்றார். அழவில்லை. வாயை மூடுங்கள் அண்ணி என்று அதட்டினேன். அண்ணியை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றுவிட்டன. அண்ணியால் நிற்க முடியவில்லை. நடந்தே போய்விடலாம் என்று இறங்கிவிட்டார், நானும் பின்னால் இறங்கினேன். கால்மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் போனோம். அப்போது நாங்கள் வந்த பஸ்ஸே எங்களைத் தாண்டிப் போனது. வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்திருப்பேன்.

மாடிப்படியில் அண்ணி எனக்கு முன்னால் ஏறிவிட்டார். கதவு, இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. அண்ணி தட்டினார். அப்பா என்று கூப்பிட்டார். நான் மறுபடியும் போன் செய்தேன். உள்ளே மணி அடிப்பது கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டதுதான் அன்றைக்கு மோசமான நேரம். சாவியை என்னிடமிருந்து பிடுங்கியவர், துளையில் நுழைக்க முடியாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

திறந்தேன். குளியலறையில் ஆள் இல்லை. படுக்கையில் இல்லை. சமையலறையில் பாதி குடித்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. போன் அலமாரிமேல் இருந்தது. ஆள் கீழே கிடக்கவில்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் மட்டும் இருந்தன.

"கழட்டிப் போட்டுட்டார்" என்றார் அண்ணி. "லைட் அணைஞ்சதப் பாத்திருக்கார். நான்தான் கோபத்துல நிறுத்திட்டேன்னு நெனச்சிருப்பார். கழட்டித் தூக்கிப் போட்டுட்டு எங்கயோ போயிட்டார்."

நான் வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். கைத்தடியும் செருப்பும் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் தொங்குகிற பழைய சாமான் பையும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பையை அவர் இறக்கி நான் பார்த்ததே கிடையாது. கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். காலையிலேயே தடி ஊன்றி இறங்குகிற சத்தம் கேட்டதாகவும், ஒவ்வொரு படியாக இறங்கியதால் தெருவை அடைய வெகுநேரம் ஆனதாகவும் சொன்னார். எங்கே என்று கேட்டதற்கு, ஒரு இடத்தில் பழுது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

இடுப்பு சரியில்லாத மனிதர், தெருமுனைக் கடைக்கே போகாதவர், காலையில் கிளம்பி மதியம் தாண்டியும் காணோம். அண்ணி ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போதே முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவரைப் பார்க்காமல் தாண்டினார். என் வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்றேன். வேண்டாம், வண்டி ஓட்டுகிறவனிடம் இதைச் சொல்லாதே என்றார். அந்த நேரத்திலும் அது தோன்றியிருக்கிறது அவருக்கு. தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டு, போய்ப் பாதி டீ இருந்த டம்ளரைக் கழுவினார்.

அப்போதுதான் முதலாளி கூப்பிட்டார். மறதியாக விட்டுப்போன கண்ணாடியை எடுக்க ஆபீஸுக்குத் திரும்பி வந்தாராம். எனக்கும் கேட்கும்படி அண்ணி போனைத் தள்ளிப் பிடித்தார்.

"உங்க அப்பா இங்க வாசப்படியில உக்காந்திருக்கார். உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கறார். என் பொண்ணு இருக்காளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கறார். நீங்களே வந்து பேசுங்க."

டாக்ஸி பிடித்துப் போனோம். ஆபீஸ் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாமனார் படியில் உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். ஓரிடத்தில் தவறான பஸ்ஸில் ஏறி, போன வழியே திரும்பியிருக்கிறார். வந்து சேர்ந்தபோது ஆபீஸ் சாத்தியிருந்ததாம். விளக்கும் இல்லை, மகளும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. முகம் வெளுத்துப்போய், சாமான் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி டாக்ஸியிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த பெட்டியை வெளியே எடுத்தார்.

"காலையில எழுந்து பாத்தேன், லைட் இல்ல. தெறந்து பாத்தேன். இதுல கோளாறு ஒண்ணும் கெடையாது. அப்ப கோளாறு அந்தப் பக்கம்தான்னு தெரிஞ்சுது."

அண்ணி நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். பூஜ்யம், மொத்தமாக அழித்தது, பெயர் பார்க்காதது, எல்லாம் ஒன்றுக்குமேல் ஒன்றாக வந்தது. மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கெதுக்கு? நான் இங்க இருக்கறவரைக்கும் அணையாதுன்னு நீதான சொன்ன. அணைஞ்சா நான் என்னன்னு நெனைக்கறது?"

"ஒரு போன் பண்ணிருக்கலாம்ல அப்பா?"

"போன் பண்ண மாட்டேன்னுதான் சொன்னேன். வர மாட்டேன்னு சொல்லலையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. மாமனார் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நீ என்ன ஒரு நாளைக்குப் பத்து தடவ பாத்த. உன்னப் பாக்க எனக்கு அந்த ஒரு லைட்டுதான் இருந்துச்சு."

அண்ணி படியில் உட்கார்ந்தார். அப்பாவின் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நெடுநேரம் அழுதார். மாமனார் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். முதலாளி செய்வதறியாமல் என்னிடம், நான் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று மெல்லச் சொன்னார். இருக்கட்டும் சார், அடுத்த தடவை சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றேன். அதைவிடக் கடுமையாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

பிறகு உள்ளே போனோம். தன் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாமனார் அன்றைக்குத்தான் பார்த்தார். பெட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடியில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார், அண்ணி தட்டினார். பெயர் கேட்ட இடத்தில் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லித் தட்டினார். தொகை என்ற இடம் வந்ததும் அண்ணி முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். பூஜ்யம் மட்டும் வேண்டாம் சார், எவ்வளவாவது போட்டுக்கொள்கிறேன் என்றார். மிகச் சிறிய தொகை ஒன்றைப் போட்டார்கள். பெட்டியைச் செருகிவிட்டு நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு விளக்கு எரிந்தது.

வீட்டுக்குப் போய் அதைச் சுவரில் மாட்டுகிற வேலை பாக்கி இருந்தது. திருகாணிகளைப் பைக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டே மாமனார் முன்னால் நடந்தார். முதலாளி ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். டாக்ஸி வந்து நின்றது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அண்ணி திரும்பிப் போய், ஷட்டர் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். வந்து ஏறலாம் என்றால் மாமனாரைக் காணோம். தடியை ஊன்றிக்கொண்டு அவரும் படியேறிப் போய், அதே பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.